நாலேகால் மணி இரைச்சல்

ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிக் கீழே இறக்குகிற அந்த லிப்ட் மெக்கானிக் குடியிருந்தது லிப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். மொத்தம் எண்பத்து நாலு படி. "ஊரையே சொகுசா மேல அனுப்புறீங்க, கட்டின பொண்டாட்டிக்கு மட்டும் முட்டிவலி" என்று அவர் மனைவி ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வாள். அவர் இரண்டு பைகளையும் வாங்கிக்கொண்டு முன்னால் ஏறுவார். பதில் சொல்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

அவள் மகனிடம் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகன் வெளிநாட்டில். மருமகளுக்குப் பிரசவம் என்று ஆறு மாதத்துக்குப் போனவள்தான். குழந்தை பிறந்தது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, இப்போது ஓடவே ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காரணம் இருந்தது. மருமகளுக்கு லீவு முடிந்துவிட்டது, குழந்தைக்குக் காய்ச்சல், மகனுக்குப் புது வேலை. "இன்னும் மூணு மாசம் இருந்துட்டு வரட்டுமாங்க?" என்று ஞாயிற்றுக்கிழமை காலை போனில் கேட்பாள். "சரி, இரு" என்பார். போன் வைத்ததும் வீடு கப்சிப் ஆகிவிடும்.

அவருக்குக் காலை ஷிப்ட். ஆறு மணிக்குக் கிளம்பினால் மூன்று மணிக்கெல்லாம் வீடு வந்துவிடுவார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சின்னக் குக்கர். கட்டிலில் இன்னமும் தன் பக்கத்து ஓரத்தில்தான் படுத்தார். ஒரு திங்கட்கிழமை, லிப்ட் ஓடும் குழிக்குள் நின்றுகொண்டு மேலே இருந்த கூட்டாளியிடம் "நிறுத்து" என்று கத்தப் போனார். குரலே வரவில்லை. தொண்டை கரகரத்து, காற்றுதான் வந்தது. யோசித்துப் பார்த்தார். சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அந்த ஞாயிறு மனைவியின் போனும் வரவில்லை. பேத்தியைப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தாளாம்.

அந்த வாரம்தான் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில், துருப்பிடித்த ஒலிபெருக்கி ஆம்ப்ளிபயர் ஒன்று அவர் கண்ணில் பட்டது. கண்ணாடி வால்வு போட்ட அந்தக் காலத்துப் பெட்டி. "எடுத்துட்டுப் போங்க சார், புறா கூடு கட்டிருக்கு" என்றார் காவலாளி. கூட்டைக் கவனமாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எண்பத்து நாலு படி ஏறினார்.

வீட்டுப் பரணில் மகனுடைய எலக்ட்ரிக் கிடார் இருந்தது. கல்லூரிக் காலத்தில் பிடிவாதம் பிடித்து வாங்கி, மூன்று மாதம் வாசித்துவிட்டுப் போட்டது. அது தனியாக முனகும், அவ்வளவுதான். ஆம்ப்ளிபயர் இருந்தால்தான் வாய் திறக்கும். பெட்டியில் இருந்த டிரான்ஸ்பார்மர்கள் பழுதில்லை. வால்வுகளில் மூன்று உயிரோடு இருந்தன. ஸ்பீக்கரைப் பழைய சாமான் கடையில் வாங்கினார். இணையத்திலிருந்து கம்பி இணைப்புப் படம் ஒன்றை அச்செடுத்து, சமையலறை மேஜையில் ஒட்டினார். எல்லாவற்றையும் மாட்டுவதற்கு ஒரு தகடு வேண்டுமே? கழித்துப்போட்ட லிப்டின் பொத்தான் பலகை ஒன்று கைவசம் இருந்தது. நல்ல எஃகு. பொத்தான்களுக்குப் போட்ட துளைகளும் தயாராக இருந்தன. வால்யூம் திருகியை மூன்றாம் மாடித் துளையிலும், டோன் திருகியை இரண்டாம் மாடித் துளையிலும் பொருத்தினார். 'கதவைத் திற' என்று அம்புக்குறி போட்டிருந்த துளையில் சுவிட்ச் உட்கார்ந்தது.

இரண்டு மாதம் ஓடியது. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து கை கால் கழுவினால் நேரே மேஜைதான். ஈயம் உருகுகிற வாசனையில் பொழுது போனதே தெரியவில்லை.

முதன்முதலாகச் சுவிட்சைப் போட்ட அன்று, கரண்ட் வரும் வழியில் ஒரு நூறு வாட் பல்பைக் கோத்திருந்தார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கியது. புகை வரவில்லை. வால்வுகளுக்குள் ஆரஞ்சு நிறத்தில் இழை சூடேறியது. அரை நிமிடம் கழித்து ஸ்பீக்கர் வாய் திறந்தது.

'ம்ம்ம்ம்ம்ம்.'

அது கிடார் சத்தம் இல்லை. கிடாரை இன்னும் மாட்டவே இல்லை. பல்வலிக்காரர் மூடிய வாய்க்குள் முனகுவதுபோல ஒரு ஹம். வால்யூமைக் குறைத்தால் குறைந்தது, கூட்டினால் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அந்த ஞாயிறு மனைவி போனில் கேட்டாள். "யாருங்க அங்க? யாரோ முனகுற மாதிரி இருக்கே."

"யாருமில்ல. ஆம்ப்ளிபயர்."

"அதுக்கு என்ன உடம்பு?"

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"முட்டிவலின்னு நான் முனகினப்ப இவ்வளவு பாக்கலையே நீங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

கோளாறு கண்டுபிடிப்பதில் அவர் அவசரப்படுகிறவர் அல்ல. நடுவழியில் நின்ற லிப்டை யாரும் மந்திரம் போட்டு நகர்த்த முடியாது. ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். முதல் வால்வைக் கழற்றினார். ஹம் நின்றது. அப்படியானால் தொல்லை நுழைவது வாசலிலேயே. உற்றுப் பார்த்தார். வால்வுகளைச் சூடாக்குகிற கம்பிகள் இரண்டும், கிடார் சத்தம் வருகிற கம்பிக்குப் பக்கத்திலேயே உரசிக்கொண்டு போயின. அவற்றைப் பின்னல் போல முறுக்கி, தகட்டின் மூலையில் ஒதுக்கினார். பாதி ஹம் போயிற்று. எர்த் கம்பியை இரண்டு இடத்தில் தகட்டோடு பற்றவைத்திருந்தது அடுத்த தப்பு. ஒன்றை எடுத்ததும் மீதியில் பெரும்பகுதி போயிற்று. சுவிட்சை அணைத்தாலும் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கியடிக்கிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் அதை வடித்துவிட்டு, இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும் என்று இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் உள்ளே தொடுவார். கடைசியில் ஒரு மரக்குச்சியால் ஒவ்வொரு இணைப்பையும் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் 'படபட' என்றது. பற்றவைப்பு சரியாகப் பிடிக்காத இடம். மறுபடி பற்றவைத்தார்.

சுத்தம். கிடாரை மாட்டி ஒரு தந்தியை மீட்டினார். கனமாக, தேன் மாதிரி வழிந்து வந்தது சத்தம். அவருக்கு நாலு சுரவரிசைதான் தெரியும். அதையே அரை மணி நேரம் வாசித்தார்.

மறுநாள் நாலேகால் மணிக்கு அது வந்தது.

'சர்ர்ர்ர்... டிக்... சர்ர்ர்.' சூடான தவாவில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்த மாதிரி. ஹம் வேறு, இது வேறு. அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தகட்டைத் திருப்பிப் போட்டு, சந்தேகப்பட்ட இரண்டு இணைப்புகளைப் பிரித்துச் செய்தார். மறுபடி சுவிட்சைப் போட்டபோது ஐந்து மணி. சத்தம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. அடுத்த நாள் நாலேகாலுக்கு மறுபடி 'சர்ர்ர்.' வால்வை மாற்றினார். சரியாயிற்று. அடுத்த நாள் மறுபடி. இப்படி மூன்று தடவை ஜெயித்தார், மூன்று தடவை தோற்றார். தன் கை வேலை மீதே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றியது. நாலேகாலுக்கு வரும், ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் அந்த நேரத்தில் வரவில்லை, காலை பதினொரு மணிக்கு வந்தது. பெருமழை பெய்து பள்ளிக்கூடங்களை மூடிய ஒரு நாள் அவரும் வேலைக்குப் போகவில்லை. அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டது. கருவி தானாகக் கெட்டுப்போனால் பள்ளிக்கூட லீவு பார்த்தா கெடும்? இதற்குப் பின்னால் ஒரு மனுஷர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தது. இன்னொன்றும் கவனித்தார். கிடாரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினால் சத்தம் கூடியது. சுவர் பக்கம் திரும்பினால் குறைந்தது. தொல்லை ஆம்ப்ளிபயருக்குள் இல்லை. வெளியிலிருந்து வருகிறது.

சட்டைப் பையில் அடங்குகிற பேட்டரி ரேடியோ ஒன்று அவரிடம் இருந்தது. எந்த நிலையமும் வராத இடத்தில் முள்ளை வைத்தார். நாலேகாலுக்கு அதிலும் 'சர்ர்ர்.' ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு படியிறங்கினார். மூன்றாவது மாடியில் சத்தம் கூடியது. இரண்டாவது மாடியில் இன்னும் கூடியது. முதல் மாடியில் குறைந்தது. மறுபடி இரண்டாவது மாடிக்கு ஏறினார். இரண்டு கதவுகள். இடதுபக்கக் கதவின் முன்னால் ரேடியோ காதைப் பிளந்தது.

கதவைத் தட்டவேண்டியதுதான் பாக்கி. தட்டவில்லை. தட்டிவிட்டு என்ன சொல்வது? 'உங்க வீட்டு இரைச்சல் என் கிடாருக்குள்ள வருது' என்றா? கதவில் மாட்டியிருந்த பால் பையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேலே போய்விட்டார். மறுநாளும் அப்படியே. முன்பெல்லாம் இந்த மாதிரி வேலைகளை மனைவிதான் செய்வாள். யார் வீட்டுக் கதவையும் தட்டி, 'என்னம்மா பண்றீங்க' என்று உள்ளேயே போய் உட்கார்ந்துவிடுகிற ஆள்.

மூன்றாவது நாள் தட்டினார். கதவு ஒரு சாண் திறந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், விரலெல்லாம் சிவப்பு மை. பள்ளிக்கூட டீச்சர்.

"யாரு?"

"மாடில இருக்கேன்ம்மா. நாலாவது மாடி."

"நாலாவது மாடியா? அது காலி வீடில்ல?"

"பதினொரு வருஷமா இருக்கேன்."

டீச்சர் முகம் மாறியது. "ஐயோ, தப்பா நினைச்சுக்காதீங்க. அங்க ஒரு அம்மா இருந்தாங்களே, பேசிக்கிட்டே படி ஏறுவாங்க. அவங்க சத்தம் நின்னதும் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்."

"அது என் வீட்டுக்காரிதான். மகன் வீட்டுக்குப் போயிருக்கா." அவர் ரேடியோவை நீட்டினார். "இந்தச் சத்தம் உங்க வீட்லேர்ந்து வருதும்மா."

"எங்க வீட்ல ரேடியோவே இல்லையே."

"ரேடியோ இல்ல. இப்ப கரண்ட்ல என்ன ஓடுது உங்க வீட்ல?"

"வாட்டர் ஹீட்டர் போட்டிருக்கேன். அப்பாவுக்கு உடம்பு துடைச்சு விடணும். ஸ்கூல் விட்டு வந்ததும் அதான் முதல் வேலை."

"ஒரு நிமிஷம் ஆப் பண்ணுங்களேன்."

அவள் உள்ளே போனாள். ரேடியோ வாயை மூடிக்கொண்டது. டீச்சர் எட்டிப் பார்த்து, "நின்னுடுச்சா?" என்றாள். "நின்னுடுச்சு" என்றார். மறுபடி போட்டாள், 'சர்ர்ர்.' அணைத்தாள், நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இனிமே போடாதீங்கம்மா. வீட்ல ஏதாவது கருகுற வாடை வருதா?"

"கருகல் வாடை இல்ல. நாலஞ்சு நாளா ஒரு மீன் வாடை. நாங்க மீனே வாங்கல. யார் வீட்லயோ சமைக்கிறாங்கன்னு விட்டுட்டேன்."

"உள்ள வரலாமா?" என்று கேட்ட மனிதர், பதில் வருவதற்குள் உள்ளே போய்விட்டார். வாழ்நாளில் அப்படி அவர் நடந்துகொண்டதே இல்லை. மெயினை இறக்கினார். ஹீட்டரின் சொருகி பொருந்துகிற பிளக் பாயின்ட், வெளியே பார்க்க வெள்ளை வெளேரென்று இருந்தது. திருகுகளைக் கழற்றிப் பலகையை இழுத்ததும் கருப்புத் தூள் கொட்டியது. உள்ளே ஒரு திருகு தளர்ந்து, கம்பி பட்டும் படாமலும் நின்றுகொண்டு தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் தீப்பொறி கக்கியிருக்கிறது. கம்பியின் மேலுறை விரலால் தொட்டதும் சாம்பலாக உதிர்ந்தது. மீன் வாடைக்கு அதுதான் காரணம். பலகைக்கு ஒரு முழ தூரத்தில் ஜன்னல் திரை தொங்கியது. அதற்கு அடுத்து ஒரு கட்டில். கட்டிலில் டீச்சருடைய அப்பா. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில்தான்.

டீச்சர் டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். "இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?"

"தாங்கியிருக்காதும்மா" என்றார். வேறு மாதிரிச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தினமும் ஹீட்டரைப் போட்டுவிட்டு, தண்ணீர் சூடாகிற நேரத்துக்குள் கடைக்குப் போய் வருவாளாம்.

மேலே போய்ப் புதுப் பாயின்டும் கம்பியும் எடுத்து வந்தார். வேலை முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. கட்டிலில் இருந்த பெரியவர் அத்தனை நேரமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா அது?" குழறலாக வந்தது.

"மாடி வீட்டுக்காரர்ப்பா."

"உக்காரச் சொல்லு."

"இல்லைங்க, கிளம்பணும்" என்றார் மெக்கானிக்.

"என்ன அவசரம்? உக்காருப்பா."

அவர் உட்கார்ந்தார். உண்மையில் எந்த அவசரமும் இல்லை. டீச்சர் டீ கொண்டுவந்தாள். பெரியவர் ஏதோ சொன்னார், பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. இவர் ஆமாம் என்றார், இல்லை என்றார். டம்ளர் காலியான பிறகும் எழுந்திருக்கத் தோன்றாமல், அதைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் நாலேகாலுக்கு ஆம்ப்ளிபயரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. காதை ஸ்பீக்கரோடு வைத்துக் கேட்டார். மூச்சு விடுகிற அளவுக்கு ஒரு சின்ன 'ஸ்ஸ்', அவ்வளவுதான். வேலை முடிந்துவிட்டது. தன் நாலு சுரவரிசையை வாசித்தார். பிறகு இன்னொரு தடவை வாசித்தார். இத்தனை நாள் அந்த இரைச்சலைப் பிடிப்பதற்காகவே வேலை முடிந்து ஓடி வந்திருக்கிறார். இனி எதற்கு ஓடி வருவது? கிடாரைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"டீச்சர் வீடா? அவங்க அப்பா படுத்துட்டாரா? நான் இருக்கிறப்ப குடை எடுத்துக்கிட்டு நடப்பாரே. உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"இப்பத்தான் தெரியும்."

"நல்லவேளை போனீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "என்னங்க, இவன் கேக்குறான். மருமகளுக்கு ஏதோ பரீட்சை இருக்காம். இன்னும் ஆறு மாசம் இருந்துட்டு வரட்டுமா?"

'சரி, இரு' என்பது வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கினார்.

"வேண்டாம். வந்துடு."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தார்.

"என்னாச்சு உங்களுக்கு? உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. வீடுதான் நல்லா இல்ல. நான் இருக்கிறப்பவே காலி வீடுன்னு நினைச்சிருக்காங்க."

அவள் அழுவது கேட்டது. "இதைச் சொல்ல ரெண்டு வருஷமா உங்களுக்கு? ஒவ்வொரு தடவையும் கேட்டேன். சரி இரு, சரி இருன்னா நான் என்னத்த நினைக்கிறது? நான் இல்லாம நிம்மதியா இருக்கீங்கன்னுதான் நினைச்சேன். இங்க ரெண்டு பேரும் ஏழு மணிக்குக் கிளம்பிடுறாங்க. அப்புறம் நானும் பிள்ளையும்தான். பக்கத்து வீட்டம்மா சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். அவங்க பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவங்களுக்குப் புரியாது. என்னைப்போய் ரெண்டு வருஷம் வாயை மூடி உக்கார வச்சிட்டீங்களே."

அவர் "சரி" என்று சொல்லிவிட்டு, உடனே, "அந்த சரி இல்ல. வந்துடு" என்றார். அழுதுகொண்டே அவள் சிரித்தாள்.

நினைத்தவுடன் கிளம்ப முடியவில்லை. பேத்தியைச் சேர்க்கக் காப்பகத்தில் இடம் கிடைக்கவேண்டும், அதற்கு நாலு மாதம் என்றார்கள். நாலு, ஐந்தரை ஆயிற்று. அதற்குள் டீச்சர் சொல்லிச் சொல்லி, கட்டடத்தில் எட்டு வீடுகளின் பாயின்டுகளை அவர் கழற்றிப் பார்த்துக் கொடுத்தார். எல்லோரும் டீ கொடுத்தார்கள், நன்றி சொன்னார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவரவர்க்கு அவரவர் பாடு. பெரியவரை மட்டும் வாரம் ஒருதரம் போய்ப் பார்த்துவந்தார். ஒரு தடவை பெரியவர் வற்புறுத்தியதால் ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு போய் வாசித்தும் காட்டினார். பெரியவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இது எப்ப ஆரம்பிக்கும்?" என்றார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

மூன்றாவது மாதம் பெரியவருக்கு மூச்சுத்திணறல் வந்தது. நாற்காலியில் உட்காரவைத்து, மெக்கானிக்கும் ஆம்புலன்ஸ்காரரும் படியில் தூக்கி இறக்கினார்கள். பெரியவர் திரும்பி வரவில்லை. அடுத்த மாதமே டீச்சர் வீட்டைக் காலி செய்துகொண்டு தன் அக்கா ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். போகும்போது நாலாவது மாடிக்கு ஏறி வந்து சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மனைவி ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். தலைமுடியில் பாதி நரைத்திருந்தது. பெட்டிகளை வாங்கிக்கொண்டு அவர் முன்னால் ஏறினார். முதல் மாடி வரைக்கும் விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே வந்தாள். இரண்டாவது மாடியில் நின்று, "இருங்க, டீச்சரைப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று இடதுபக்கக் கதவைத் தட்டினாள்.

"அவங்க இல்ல" என்றார்.

"எங்க போயிருக்காங்க?"

"காலி பண்ணிட்டாங்க. அவங்க அப்பா இறந்துட்டாரு. ரெண்டு மாசம் ஆச்சு."

"ரெண்டு மாசமா?" அவள் திரும்பினாள். "எட்டு ஞாயித்துக்கிழமை பேசியிருக்கோம். ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

"போன்ல சொல்ல வரல."

அவள் அவரையே பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தார். அவள் கைப்பையை இறக்கி வைத்துவிட்டு, மாடித் திருப்பத்துப் படியில் உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். அவரும் பெட்டிகளைச் சுவரோரம் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

"எப்படி இறந்தாரு? முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாற்காலியில் தூக்கி இறக்கியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.